கொட்டாஞ்சேனையில் காய்ந்த என் சேர்ட்

மேசையில் விரித்த என் வரைபடம் சுருண்டு சுருண்டு எழும்பியது. காலை முழுக்க வரைபடக் குழாய்க்குள் கிடந்த தாள் அப்படித்தான் செய்யும். சார்ஜன்ட் ஒரு மூலையில் தன் தொப்பியை வைத்தார். இன்னொரு மூலையில் தேநீர்க் கோப்பை. மூன்றாவதில், கைக்கு வேறொன்றும் அகப்படாமல், ஒரு சோடி கைவிலங்கு. நாலாவது மூலையை நானே விரலால் அழுத்திக்கொண்டு நின்றேன். மாணவர்களின் வரைபடங்களைத் திருத்தும்போது அப்படி நின்று பழகிய உடம்பு. விசாரிக்கப்படுகிறவன் நான் என்பது என் விரலுக்கு இன்னும் தெரியவில்லை.

இடம், கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையம். சனிக்கிழமை மத்தியானம். யுத்த காலத்தின் ஏதோ ஒரு வருடம். எந்த வருடம் என்று கேட்காதீர்கள். அந்த வருடங்களெல்லாம் எனக்கு ஒரே வெயிலும் ஒரே சோதனைச் சாவடியுமாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. அன்றைக்கும் அப்படியொரு சாவடியில் மறித்துத்தான் என்னை இங்கே கூட்டி வந்திருந்தார்கள். அறைக்குள் வியர்வையும் பழைய வார்னிஷும் கலந்த வாசனை. வெளியே சைக்கிளில் பாண் விற்கிறவனின் மணிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மேசைக்கு அப்பால் இன்ஸ்பெக்டர். என் மாணவர்களைவிட நாலைந்து வயது கூடினால் அதிகம். வரைபடத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனாலும் நல்ல வரைபடம். கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தை ஒட்டிய தெருக்கள், ஒழுங்கைகள், ஒரே தண்ணீர்க் குழாயைப் பல குடும்பங்கள் பங்குபோடும், தோட்டங்கள் என்று பெயரான நெருக்கமான குடியிருப்புகள், கோயில், தேவாலயம் எல்லாவற்றையும் கூரை கூரையாக நான் நடந்து பார்த்துக் கீறியது. மொட்டை மாடி உள்ள கட்டடங்களின் மேல் மட்டும் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் அடையாளம் போட்டிருந்தேன்.

இந்த அடையாளங்கள் என்ன என்று அவர் சிங்களத்தில் கேட்டார்.

உடுப்புக் காயப்போடும் இடங்கள் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று, சிவப்பு அடையாளம் ஒவ்வொன்றிலிருந்தும் துறைமுகத்துக்கு விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அப்போதுதான் எனக்கும் அது தெரிந்தது. அந்த மாடிகளில் ஏறி நின்றால் கப்பல்களும் பாரந்தூக்கிகளும் கண்ணுக்கு நேரே நிற்கும். மாதக்கணக்காக அந்த மாடிகளில் ஏறி இறங்கியவன் நான். ஒரு கப்பலையும் பார்த்த ஞாபகம் இல்லை. காய்கிற பாவாடைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்று அடையாள அட்டை சொல்லும் ஒருவனின் கையில், துறைமுகத்தைப் பார்க்கும் மாடிகளுக்குச் சிவப்பு அடையாளம் போட்ட வரைபடம். எனக்கே என்னில் சந்தேகம் வந்துவிட்டது.

பொழுது சாய்வதற்குள் பொருத்தமான விளக்கம் கிடைக்காவிட்டால் என்னை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அதட்டவில்லை; மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலத்தான் சொன்னார். மேலிடம் என்றால் என்ன என்று நான் குடியிருந்த, தமிழர் நிறைந்த வெள்ளவத்தையில் எல்லாருக்கும் தெரியும். போனவர்களில் சிலர் பல மாதங்கள் கழித்து வந்தார்கள். சிலரைத் தேடி அவர்களுடைய மனைவிமார் இன்னும் அலைந்துகொண்டிருந்தார்கள். என் மனைவி வதனியிடம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

சேலை மறைத்த முகப்பு

கட்டடக் கலைஞன் ஒருவனுக்குக் காயும் பாவாடையில் என்ன வேலை என்று நீங்களும் கேட்பீர்கள். இன்ஸ்பெக்டருக்குச் சொல்ல முடியாமல் போனதை உங்களுக்காவது ஆற அமரச் சொல்கிறேன்.

படிப்பு முடித்து நான் தனியாகக் கட்டிய முதல் வீடு ஹெவ்லொக் டவுனில், ஒரு டொக்டர் குடும்பத்துக்கு. அதன் முகப்புக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வெள்ளைச் சுவர், மேலே நீளமான பல்கனி, அதன் ஓரமெல்லாம் மெல்லிய மரச் சலாகைகள். காலை வெயில் அந்தச் சலாகைகளுக்கு ஊடாக விழுந்து சுவரில் கோடு கோடாக நிழல் போடும். அந்த நிழலுக்காகவே வீட்டைக் கட்டினேன் என்றும் சொல்லலாம்.

அவர்கள் குடிபுகுந்த கொஞ்ச நாளில், ஒரு சஞ்சிகைக்குப் படமெடுக்க ஆளைக் கூட்டிக்கொண்டு போனேன். பல்கனியின் முழு நீளத்துக்கும் டொக்டரின் மனைவியின் சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. சலாகையும் இல்லை, நிழலும் இல்லை. படமெடுக்க வந்தவர் கமராவைப் பைக்குள் வைத்துவிட்டார்.

இவற்றைப் பின்பக்கம் போட முடியாதா என்று பணிவாகக் கேட்டேன். பின்பக்கம் எங்கே, கூட்டிக்கொண்டு போய்க் காட்டு என்றார் அந்த அம்மா. வீட்டைச் சுற்றி நடந்தோம். காயப்போட ஒரு முழ இடம்கூட நான் வைத்திருக்கவில்லை. திரும்ப வாசலுக்கு வந்ததும் அவர் சொன்னார்:

"தம்பி, வடிவான வீடு கட்டித் தந்திருக்கிறீர். ஆனா இதில உடுப்பில்லாமல்தான் இருக்கவேணும்."

அன்றைக்குப் பிடித்தது இந்த வியாதி. அதன் பிறகு எந்தத் தெருவில் போனாலும் முகப்பைப் பார்க்க மாட்டேன். பின்னால் எங்கே கயிறு கட்டியிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பேன். அந்த அம்மாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் ஒரு சொல்லால் என்னைக் கட்டடத்திலிருந்து நகரத்துக்குத் தள்ளிவிட்டார்.

மேற்படிப்புக்கு வெளிநாடு போனபோது நகரத் திட்டமிடலைத்தான் படித்தேன். படித்து முடித்துத் திரும்பி வந்து பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளனானேன். எல்லாரும் வெளியே போய்க்கொண்டிருந்த காலம். எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் மாதம் ஒரு வீடாவது பெட்டி கட்டியது. நீ ஏன் போன இடத்தில் இருக்காமல் வந்தாய் என்று கேட்காத உறவினர் இல்லை. தியாகம் ஒன்றுமில்லை. பனி விழும் ஊரில் உடுப்பை வீட்டுக்குள் மெஷினில் காயவைக்கிறார்கள். தெருவில் நின்று பார்த்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கேட்கக் கூடாத கேள்வி

அந்தக் காலத்தில் கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் இருந்த குடும்பங்களை மாடி வீடுகளுக்கு மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அப்படி மாற்றினால் எப்படிப்பட்ட வீடு கட்ட வேண்டும் என்பதுதான் என் ஆய்வு.

நகரத்தைத் திட்டமிடுகிறவன் ஒரு வீட்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இங்கே எத்தனை பேர் என்பது. அந்த வருடங்களில் அதே கேள்வியைப் பொலிஸும் கேட்டது, ஆமியும் கேட்டது. தமிழ் வீடுகளில் வடக்கிலிருந்து வந்த மருமகனோ ஒன்றுவிட்ட தங்கையோ பொலிஸில் பதியாமல் தங்கியிருக்கலாம். கையில் தாளும் பென்சிலுமாக நான் போய் நின்று எத்தனை பேர் என்று கேட்டால், உள்ளே ஒருவர் மூச்சை அடக்கிக்கொள்வார். வாசலில் நிற்கிறவர், நாங்கள் மூன்று பேர்தான் சேர் என்பார். பின்னால் கயிற்றில் ஏழெட்டுப் பேரின் உடுப்புக் காய்ந்துகொண்டிருக்கும்.

அப்படித்தான் என் முறை பிறந்தது. ஆட்களைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டேன். எங்கே காயப்போடுகிறீர்கள், எந்த நாளில் தோய்க்கிறீர்கள், கயிற்றில் கிடப்பது யார் யாருடையது, மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். சனங்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு உட்காரச் சொல்லிப் பிளேன்டீ தந்தார்கள். குழந்தைத் துணி, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, துறைமுகத்தில் வேலை செய்கிறவரின் எண்ணெய் ஊறிய நீளக் களிசான் என்று ஒரு குடும்பம் முழுவதும் கயிற்றில் வரிசையாக நிற்கும். யாருடைய பெயரும் எனக்குத் தேவைப்படவில்லை. அது எனக்கும் நிம்மதியாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் முன்னால் நான் ஏன் திக்கினேன் என்று இப்போது விளங்கியிருக்கும். கயிற்றை ஏன் பார்க்கிறாய் என்ற கேள்விக்கு முழு உண்மையைச் சொன்னால், கயிற்றைப் பார்த்து ஆட்களை எண்ணலாம் என்பது பொலிஸுக்கும் தெரிந்துவிடும். நாளைக்கே மாடி மாடியாக ஏறுவார்கள். என்னை உட்காரவைத்துக் கதைத்த வீடுகள் மாட்டிக்கொள்ளும். ஆகவே, புதிய மாடி வீடுகளில் காயப்போட இடம் வைக்க வேண்டும், அதற்காகத்தான் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் பாதி உண்மை சொல்கிறவனின் முகத்தைப் பொலிஸ்காரருக்கு அடையாளம் தெரியாமல் இருக்குமா?

இதில் என் சிங்களம் வேறு. கட்டட வேலை நடக்கும் இடங்களில் பழகிய சிங்களம் அது. சீமெந்து கேட்கலாம், கம்பி கேட்கலாம், கல் தரமில்லை என்று சண்டை பிடிக்கலாம். என் உயிரைக் காப்பாற்றும் அளவுக்கு அது வளர்ந்திருக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு டெலிபோன் எடுத்துப் பார்த்தார்கள். சனிக்கிழமை, யார் இருப்பார்கள்? மணி அடித்துக்கொண்டே இருந்தது. உடுப்புக் காய்வதைப் பார்க்கவா உனக்குக் கலாநிதிப் பட்டம் தந்தார்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஓம் என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் இருக்கவில்லை.

ரெதி வெல மாத்தையா

சார்ஜன்ட் இவ்வளவு நேரமும் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பென்ஷனுக்குக் கிட்டிய வயது. கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று பிறகு அறிந்தேன். என் கண்ணாடியைப் பார்த்தார். கதவோரம் சாய்த்து வைத்திருந்த என் குடையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

இவர்தான் அந்த 'ரெதி வெல மாத்தையா' என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். ரெதி வெல என்றால் உடுப்புக் கயிறு, மாத்தையா என்றால் ஐயா. கொஞ்ச நாளைக்கு முன் ஒரு பெண் அவரிடம் வந்து முறைப்பாடு சொல்லியிருக்கிறாள். கண்ணாடி போட்ட ஓர் ஆள் குடையும் குழாயுமாக மேலே ஏறி வந்து, எங்கே காயப்போடுகிறாய், இது யாருடைய உடுப்பு என்றெல்லாம் கேட்கிறான், ஆள் சரியில்லை என்று. யாரோ உள்பாவாடைப் பைத்தியம் என்று சார்ஜன்ட் நினைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு இரு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

தன்னைப் பற்றி ஒரு பெண் பொலிஸில் முறையிட்டிருக்கிறாள் என்று கேட்டு என்னளவு சந்தோஷப்பட்ட ஆண் இந்தத் தீவில் இருந்திருக்க மாட்டான்.

யார் என்று எனக்கு உடனே தெரிந்தது. பழைய கடை வீடொன்றின் பின்பக்கத்தில், மாடிக்கு ஏறும் படிக்குப் பக்கத்து அறையில் குடியிருந்தவள். பிலோமினா என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைவிடச் சில வயது இளையவள், கத்தோலிக்கப் பெண், பள்ளிக்கூடம் போகும் இரண்டு மகள்மார். எங்கே, எந்த நாளில் என்ற கேள்விகளுக்குப் பேசாமல் நின்றாள். இது யாருடைய சேர்ட் என்று நான் கயிற்றைக் காட்டியதும் என் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்பட்டது. அந்தத் தெருவில் எனக்குச் சாத்தப்பட்ட ஒரே கதவு அது.

இன்ஸ்பெக்டர் இன்னும் சிரிக்கவில்லை. உடுப்பைப் பற்றிக் கேட்டதற்காக ஒரு தமிழ்ப் பெண் பொலிஸுக்கு வருவாளா, அவளிடம் இந்த ஆள் வேறு என்னவோ கேட்டிருக்கிறான், அதைச் சொல்லப் பயந்து உடுப்பு என்றிருக்கிறாள் என்றார். கூட்டி வரச் சொன்னார். சார்ஜன்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். வரைபடத்தின் அந்த மூலை மறுபடி சுருண்டது.

பதில்

அவள் வந்தபோது முழங்கை வரை ஈரம். சனிக்கிழமை அவளுடைய தோய்க்கும் நாள். சவர்க்கார வாசனையோடு வந்து, என்னைப் பார்க்காமல், மேசைக்கு முன்னால் நின்றாள்.

அவளுடைய சிங்களம் குழாய்த் தண்ணீர்போல ஓடியது. ஓம், இந்த ஆள்தான். எங்கே காயப்போடுவது, எந்த நாள் தோய்ப்பது, யாருடைய உடுப்பு என்று கேட்டார். கப்பலைப் பற்றியா என்றார் இன்ஸ்பெக்டர். இல்லை. துறைமுகத்தில் யார் வேலை செய்கிறார்கள் என்றா? இல்லை.

தெரு முழுக்க இதையேதான் கேட்டிருக்கிறார், மற்றவர்கள் சிரித்துவிட்டு இருந்தார்கள், நீ மட்டும் ஏன் பொலிஸுக்கு ஓடி வந்தாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். உன் கயிற்றில் அப்படி என்ன இருக்கிறது?

பிலோமினா ஈரக் கைகளை உடுப்பில் துடைத்தாள். அவளுக்கு இருந்த சுலபமான வழி எனக்குத் தெரிந்தது. கப்பலைப் பற்றியும் கேட்டார் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் வீட்டுக்குப் போய் மிச்ச உடுப்பை அலசலாம். நான் மேலிடத்துக்குப் போவேன். அவள் எனக்கு எந்த விதத்திலும் கடமைப்பட்டவள் அல்ல. என்னால் அவளுக்குக் கிடைத்தது தொல்லை மட்டும்தான்.

அவள் என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினாள்.

"சேர், அண்டைக்கு நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லல்ல. இப்ப சொல்றேன். அந்தக் கயித்தில கிடக்கிறது என்ட உடுப்பு, பிள்ளைங்க ரெண்டு பேர்ட உடுப்பு. ஆம்பிளைச் சேர்ட் ரெண்டும் ஒரு களிசானும் காயுதே, அதப் போட ஆளில்ல. அவரு கப்பலுக்குப் போனவரு, போனதுதான். கடுதாசியும் இல்ல, ஒண்டும் இல்ல. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நான் அதத் தோச்சுப் போடுறேன். கீழ குடிச்சிட்டு நிக்கிறவனுகள் அண்ணாந்து பாத்தா, வீட்டில ஆம்பிளை இருக்கு எண்டு நினைக்கட்டும் எண்டு."

பிறகு என் முகத்தை நேரே பார்த்தாள்.

"நீங்க வந்து இது யார்ட சேர்ட் எண்டு கேட்டோடன ஆளில்லாதத யாரோ கண்டுபிடிச்சிட்டாங்க எண்டு நினைச்சுத்தான் பொலிசுக்கு ஓடி வந்தேன்."

சார்ஜன்ட் தாழ்ந்த குரலில் அதைச் சிங்களத்தில் சொன்னார். சொல்லும்போது அவருடைய முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

மற்ற வீடுகள் இருக்கிற ஆளை இல்லை என்று மறைத்தன. இவள் இல்லாத ஆளை இருக்கிறார் என்று காட்டியிருக்கிறாள். உடுப்புக் கயிறு பொய் சொல்லாது என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். துறைமுகத்தை ஒட்டிய தெருவில், வளர்ந்துவரும் இரண்டு பெண் பிள்ளைகளோடு தனியாக இருக்கும் அவளுக்கு அந்தச் சேர்ட்டுகள்தான் கதவுப் பூட்டு. அந்தப் பூட்டை எனக்காக, பொலிஸ் நிலையத்தில், அந்நிய ஆண்களுக்கு முன்னால் கழற்றினாள். இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

இன்ஸ்பெக்டர் பிள்ளைகளின் வயதைக் கேட்டார். அவள் சொன்னாள். பிறகு, இந்தப் பெண் சொன்னதை எங்கேயும் எழுத வேண்டாம், வெளியே கதைக்கவும் வேண்டாம் என்று சார்ஜன்டிடம் சொன்னார். அந்த மனிதரின் பெயர் எனக்கு ஞாபகம் இல்லை. அந்த ஒரு வசனத்துக்காக அவருக்கும் நன்றி சொல்கிறேன்.

என்னிடம், அடுத்த முறை வேறு அடையாளம் போடு என்றார். வரைபடத்தைத் தன் கையாலேயே நாலாக மடித்துத் தந்தார். வரைபடத்தை மடிக்கக் கூடாது, சுருட்டத்தான் வேண்டும். மாணவர்கள் யாராவது மடித்தால் வகுப்பை விட்டு அனுப்பிவிடுவேன். அன்றைக்கு அவர் அதில் கத்திக் கப்பல் செய்து தந்திருந்தாலும் இரண்டு கையாலும் வாங்கியிருப்பேன்.

வெளியே

தேவாலயத்தில் பின்னேர மணி அடித்தது. தெருவில் கருவாட்டு வாசனை. இருவரும் கொஞ்ச தூரம் நடந்தோம். நான் நன்றி சொல்லத் தொடங்கினேன். அவள் கையை அசைத்துத் தடுத்துவிட்டாள். அவர் போன நாளிலிருந்து பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாததை இன்றைக்குப் பொலிஸுக்குச் சொல்லியாயிற்று என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள்.

"பின்ன ஏன் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"வேற மாதிரிச் சொல்லியிருந்தா, ஒங்கட வீட்டிலயும் ஒருத்தி ஆளில்லாத சேர்ட்டத் தோச்சுப் போட வேண்டி வந்திருக்கும்," என்றாள்.

தன் ஒழுங்கை முனையில் நின்றாள். என் தாளில் அவளுடைய வீட்டில் நாலு பேர் என்றே எழுத வேண்டும், அது மட்டும் போதும் என்றாள். நான் தலையாட்டினேன். என் ஆய்வில் அந்த வீட்டுக்கு நாலு பேர் என்றுதான் இன்றைக்கும் இருக்கிறது.

அலுமாரி

வதனி மத்தியானம் முழுக்க ஒழுங்கை வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்திருக்கிறாள். சோறு மூடியபடி இருந்தது. நடந்ததைச் சொல்லச் சொல்ல அழுதாள். பிலோமினா ஒழுங்கை முனையில் சொன்னதைச் சொன்னபோது மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவள். அழுதாலும் மூளை வேலை செய்துகொண்டே இருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அதே ரெண்டு சேர்ட்டை எத்தினை வருசத்துக்கப்பா காயப்போடுறது? வெளுத்துப் போனா ஆருக்கும் விளங்கிவிடும். மாத்தி மாத்திப் போடவேணும்."

அலுமாரியைத் திறந்து என் சேர்ட்டுகளைக் கட்டிலில் எடுத்துப் போட்டாள். பழையவற்றைக் கொடுக்கப்போகிறாள் என்று பார்த்தால், நல்ல நீலக் கோட்டுச் சேர்ட்டையும் எடுத்து வைத்தாள். பொக்கெற்றில் பேனை ஒழுகி ஒரு மைக்கறை இருந்ததே தவிர எனக்கு மிகவும் பிடித்த சேர்ட் அது. அது நல்ல சேர்ட் என்று முனகினேன். நல்லதாக இருந்தால்தான் ஆள் உழைக்கிறான் என்று நம்புவார்கள் என்றாள். இடுப்பில் உடுக்கும் ஒரு சாரத்தையும் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை இருவருமாகப் பஸ் ஏறிப் போனோம். பெண்கள் இருவரும் அறைக்குள் போய் என்ன கதைத்தார்களோ தெரியாது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. நான் வெளியே படியில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். அதிலிருந்து யுத்தம் முடியும்வரை, சில மாதங்களுக்கு ஒருமுறை எங்கள் வீட்டிலிருந்து ஒரு சேர்ட் கொட்டாஞ்சேனைக்குப் போய்க்கொண்டிருந்தது. கலியாண வீடுகளுக்குப் போட ஒரு நல்ல சேர்ட் இல்லாமல் நான் நின்ற நாட்கள் உண்டு.

அந்த ஆய்வுதான் என்னைப் பேராசிரியராக்கியது. மாடி வீடுகள் பற்றிய கூட்டங்களில், ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் காயப்போட இடம் வேண்டும் என்று நான் எழும்பினாலே சிரிப்பார்கள். பேராசிரியர் கயிற்றோடு வந்துவிட்டார் என்பார்கள். சிரித்துச் சிரித்தே கடைசியில் சம்மதித்தார்கள். தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்படியும் ஒரு சின்னக் கயிறு கட்ட இடம் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு மட்டும் ஒருவருக்கும் காரணம் விளங்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது சொல்லலாம். பிலோமினாவின் மகள்மார் கலியாணம் செய்து நல்லபடியாக இருக்கிறார்கள். மூத்தவளோடு அவள் வெளிநாட்டில். போன மாதம் டெலிபோனில் கேட்டேன். எழுதுங்கள், பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றாள். மாற்றியிருக்கிறேன்.

எதிர் மாடி

அந்தப் பொலிஸ் நிலையச் சனிக்கிழமைக்கு ஒரு வருடத்தின் பின், மாணவர்களைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வரைபடம் இல்லாமல்தான். கண்ணால் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, வகுப்புக்குத் திரும்பிய பிறகு கீற வேண்டும் என்பது சட்டம். அப்படிப் படித்தவர்கள் நல்ல கண் உள்ளவர்களாக வந்தார்கள்.

கிருலப்பனையிலிருந்து வரும் சுகந்தி என்றொரு மாணவி. வகுப்பில் முதலாவது. அவளும் நானும் ஒரு மாடியில் நின்றோம். எதிர் மாடி பிலோமினாவுடையது. சனிக்கிழமையாதலால் கயிறு நிறைந்திருந்தது. கடற்காற்றில் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. அந்த வீட்டைப் பற்றி என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நான் படிப்பித்தபடியே, கயிற்றின் ஒரு முனையிலிருந்து வாசித்துக்கொண்டு வந்தாள்.

"நாலு பேர் சேர். அம்மா, ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள், அப்பா. அப்பா கொஞ்சம் மொத்தமான ஆள். கந்தோரில எழுத்து வேலை போல, நீலச் சேர்ட்டின்ர பொக்கெற்றில மை ஊறியிருக்கு. மனுசி நல்லா உரஞ்சிப் பாத்திருக்கிறா, போகேல்லை."

கீழே சாராயத் தவறணை வாசலில் நின்ற ஒருவன் அண்ணாந்து அந்தக் கயிற்றைப் பார்த்தான். பார்த்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு தன் வழியில் போனான்.

"சரிதானே சேர்?" என்று சுகந்தி கேட்டாள்.

"ஓம். அப்படியே எழுதுங்கோ," என்றேன்.